கடல் கேட்காத அறை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. என் மோட்டார் சைக்கிள் எல்மோவின் கராஜில் கழற்றிக் கிடந்த ஒரு நாள், கை நிறைய கிறீஸோடு அவர் சொல்லச் சொல்லக் கேட்டது. அந்தக் கிழமை நான் ஒரு சிறப்பு மலருக்குப் பெருங்கதை எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சுனாமியும் வரவேண்டும், யுத்த முடிவும் வரவேண்டும். மட்டக்களப்பான் வேறென்ன எழுதுவான் என்று ஆசிரியருக்கு ஒரு நம்பிக்கை. தொடங்கிப் பார்த்தேன்:

கடல் எழுந்து நின்ற அந்தக் காலையில்

அதற்குமேல் ஓடவில்லை. இன்னொன்று:

துவக்குகள் ஓய்ந்த அந்த வைகாசியில்

அதுவும் நின்றது. எல்மோவிடம் இருந்ததோ கொழும்பில் ஹோட்டல் பிடித்த கதை. ஆகவே ஆசிரியர் மன்னிக்க வேண்டும், இது ஹோட்டல் பிடித்த கதை.

2

எல்மோ பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். ஆட்டோவிலிருந்து தோணி எஞ்சின் வரைக்கும் திருத்துவார். மகள் தானியாவுக்கு மெல்பேர்னில் பிள்ளை பிறந்திருந்தது. பேரனைப் பார்க்க எல்மோவும் மனைவி கிளாறிஸும் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். இருவரையும் கொழும்புக்கு நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. யுத்தம் முடிந்து மறு வருஷம் அது. அதுவரைக்கும் கொழும்பு என்றால், ஒரு லொட்ஜில் அடையாள அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எப்போது சோதனைக்கு வந்து கதவைத் தட்டுவார்களோ என்று படுத்திருப்பதுதான்.

"இந்த முறை மனுசர் மாதிரி ஒரு ஹோட்டல்ல நிப்பம்" என்றார் எல்மோ.

"எங்கயெண்டாலும் எனக்குச் சரி" என்றா கிளாறிஸ். "கடல் சத்தம் மட்டும் கேக்கப்படாது."

(இங்கே விளக்கம் எழுதத்தான் வேண்டும். கடலோரம் டச்பாரில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. சுனாமி வந்த காலையில் கிளாறிஸின் தங்கச்சி அந்த வீட்டுக்குள் இருந்தா. வீடும் இல்லை, தங்கச்சியும் இல்லை. அன்றிலிருந்து கிளாறிஸ் கடற்பக்கம் போகிற கல்லடிப் பாலத்தைத் தாண்டியதில்லை. வாவிக்கரையில் வீடெடுக்கச் சம்மதித்தா. வாவி சத்தம் போடாது. விளக்கம் முடிந்தது.)

3

போனும் இணையமும் வைத்திருந்த சரீப்பின் கொம்யூனிகேஷன் கடைக்கு, ஹோட்டல் பிடிக்க எல்மோ போனது புறப்படுவதற்கு முதல் நாள். என் முதல் பிரதியில் சரீப் எல்லாம் தெரிந்த மனிதராக வந்தார். நம்பும்படியாக இல்லை, அடித்துவிட்டேன். உண்மையில் அந்த இணையத்தளம் சரீப்புக்கும் புதிது. இருவருமாகச் சேர்ந்து தட்டித் தடவித்தான் விளங்கிக்கொண்டார்கள்.

அங்கே விலையை நாம்தான் சொல்லவேண்டும். நகரத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வட்டாரத்தைக் குறித்து, தரக்கூடிய விலையைக் கேட்டால், ஏதாவதொரு ஹோட்டல் சம்மதிக்கும். எந்த ஹோட்டல் என்பது காசு போனபிறகுதான் தெரியும். போன காசு திரும்பாது.

"பொம்பிளையப் பாக்காமக் கலியாணம் பேசுற மாதிரிக் கிடக்கு, நாநா" என்றார் எல்மோ.

"எங்கட வாப்பாமாரெல்லாம் அப்படித்தானே முடிச்ச, எல்மோ அண்ணன்" என்றார் சரீப்.

எல்மோ, தானியா தொலைபேசியில் சொல்லியிருந்த வங்கி அட்டை இலக்கத்தைப் போட்டார். கடல் எட்டாத பொரளையைக் குறித்து ஒரு விலை கேட்டார். 'மன்னிக்கவும்' என்றது கணினி. அன்றைக்கே மறுபடி கேட்பதென்றால் இன்னொரு வட்டாரத்தையும் சேர்க்க வேண்டுமாம். மருதானையைச் சேர்த்தார். மன்னிக்கவும். கறுவாத்தோட்டத்தைச் சேர்த்தார். மன்னிக்கவும். மிஞ்சியது கொள்ளுப்பிட்டி. அங்கிருந்து விசா அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். கடலுக்கும் நடந்தே போகலாம்.

"கொள்ளுப்பிட்டி முழுக்கக் கடலா, நாநா?"

"ரோட்டுக்கு அங்கால கடல். இஞ்சால இல்ல."

"அப்ப பாதிக்குப் பாதி." எல்மோ கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

கணினி யோசித்தது. பிறகு வாழ்த்துச் சொல்லி, ஹோட்டலின் பெயரைக் காட்டியது. ஓஷன் லல்லபை. படத்தில் வரவேற்பறைக்குப் பின்னால் ஒரே நீலம்.

"கடல் தாலாட்டு" என்று சரீப் மெல்லச் சொன்னார்.

"எனக்கு இங்கிலீசு தெரியும், நாநா."

4

வீட்டில் கிளாறிஸ் கேட்டா: "ஹோட்டல்ட பேர் என்ன?"

"என்னவோ லல்லபையாம்."

"நல்ல பேர்தான்" என்றா.

மறுநாள் பஸ்ஸில் எல்மோ மன்னிப்புக் கேட்கப் பாடமாக்கினார். வெலிக்கந்தையில் ஒன்று தயாராயிற்று. பொலன்னறுவையில் அதைத் திருத்தினார். ஹபரணையில் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். (எழுத்தாளர்கள் படுகிற பாடு இதுதான். நமக்குப் பஸ் கட்டணம் மிச்சம்.)

ஆட்டோ போய் நின்ற இடத்தில் முழுப் பெயரும் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது, கீழே ஒரு அலையும் வரைந்து. கிளாறிஸ் வாசித்தா. 'அவ கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். அப்படியொன்றும் நடக்கவில்லை என்று எல்மோ சொன்னதால் எடுத்துவிட்டேன். அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாவாம். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாவாம். அதற்கு ஏசியிருந்தாலே நல்லது என்றார் எல்மோ.

வரவேற்பு மேசையில் டை கட்டிய ஒருவர் இவர்களுடைய பதிவைத் தேடிப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டார்.

"சொரி சேர். நீங்க கேட்ட விலைக்குப் பின்பக்க ரூம்தான். கடல் தெரியாது."

எல்மோவின் முதுகு நிமிர்ந்தது.

"ஜன்னல் பக்கம் சுவர்தான் இருக்கு. இன்னொரு விசயம், கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் அந்த ரூமுக்குப் பக்கத்திலதான் ஓடுது."

"சத்தமா?" என்றா கிளாறிஸ்.

"சரியான சத்தம், மெடம். வேறொண்டும் கேக்காது."

"தாங்க திறப்ப" என்று சாவிக்குக் கையை நீட்டினா.

5

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீங்களும் சிரித்துக்கொண்டே போயிருப்பீர்கள். ஆனால் எல்மோ நிறுத்தவில்லை.

டீசல் மணமும் இரைச்சலுமாக இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பின்னேரம் கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் நின்றது. அந்த அமைதியில் சுவருக்கு அங்காலிருந்து, மெல்லியதாக, ஒன்று வந்து வந்து போனது.

எல்மோ எழும்பிப் பார்த்தபோது கிளாறிஸ் ஏற்கெனவே எழும்பி உட்கார்ந்திருந்தா. பஸ்ஸில் பாடமாக்கிய ஒரு மன்னிப்பும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைப் பேசினார். வந்தது விசா நேர்முகக் கேள்விகள்.

"மிஸிஸ் கிளாறிஸ், நீங்க ஏன் அவுஸ்திரேலியாவுக்குப் போறீங்க? எவ்வளவு காலம் நிப்பீங்க?" அலையை மூட அது போதவில்லை என்று இன்னும் உரத்து: "திரும்பி வருவீங்களா?"

பக்கத்து அறையில் யாரோ சுவரில் தட்டினார்கள். கிளாறிஸ் அவருடைய முழங்காலில் கையை வைத்தா.

"கத்தாதீங்க எல்மோ. கேக்கட்டும்."

6

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன, விசா கிடைச்சிது" என்றார் எல்மோ.

இடையில் ஒரு முழுப் பின்னேரம் இருக்கிறது. அதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கிளாறிஸ் கடலோர ரயில் தண்டவாளத்தைக் கடந்து போய்த் தண்ணீரில் கால் நனைக்கிறா, எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆசிரியருக்கு இது பிடிக்கும். அவ்வளவு சுலபமாக ஒருவரைக் கடலுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மற்றதில் பையைக் கட்டிக்கொண்டு மருதானை லொட்ஜுக்குப் போய்விடுகிறார்கள். அதில் எல்மோ பாவம்.

மூன்றாவது உங்களுடையது. பேனையை வைக்குமுன் ஒரு வரி மட்டும் தொடக்கித் தருகிறேன்:

கேட்டு முடிந்த பிறகு கிளாறிஸ் கதவுப் பக்கம் திரும்பி