ஒன்பதாம் எண் படம்

“மெஷின்ல உக்கார வச்சியே, நான் பாஸா பெயிலா?” பஸ் டிரைவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார் என் கணவர்.

“ஒம்பதாம் நம்பர்ல பாஸ்.”

“அது யாரு?”

“சுருட்டை முடி. கன்னத்துல குழி. ஞாபகம் இல்லையாக்கும்.”

“முப்பது போட்டோ காட்டினே. நான் என்ன கல்யாணத் தரகரா, ஒவ்வொரு மூஞ்சியா ஞாபகம் வச்சுக்க?”

மூன்று வாரத்துக்கு முன் நடந்த பேச்சு அது. மீதியை அவரிடம் நான் சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஆசையை அளக்கிறோம். பிடித்த முகத்தைப் பார்த்தால் கண்ணின் பாவை விரியும். கேமரா அதைப் பதிவு செய்யும். அன்று வரவேண்டிய ஆள் வராததால் இவரை உட்கார வைத்தேன். படங்களுக்கு நடுவே, யாருக்கும் சொல்லாமல், என் படத்தையும் சொருகினேன். ஒன்பதாம் எண்ணுக்கு இவர் பாவை விரிந்தது. என் படத்துக்குச் சுருங்கியது.

புது முகம் என்றால் எல்லார் கண்ணும் சற்றுத் துள்ளும் என்று வருகிறவர்களிடம் தினமும் ஒப்பிப்பவளே நான்தான். இருந்தும் கண்ணாடி முன் நின்று, குழி விழுமா என்று கன்னத்தில் விரலை அழுத்திப் பார்த்தேன்.

இன்று மதியம்தான் பிழை தெரிந்தது. எல்லாப் படங்களின் வெளிச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. அவசரத்தில் என் படத்தை மட்டும் அப்படியே போட்டிருக்கிறேன். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோட்டு. கூசினால் எந்தக் கண்ணும் சுருங்கத்தான் செய்யும்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்மேல் ஆசை இல்லை என்பதற்கு இருந்த சாட்சி போயிற்று. இருக்கிறது என்பதற்கு ஒன்றும் வரவில்லையே. பதினொரு வருடமாகப் படுக்கையில் முதலில் நீள்வது என் கைதான். அவர் ஒருநாளும் விலக்கியதில்லை. ஒருநாளும் தொடங்கியதும் இல்லை.

மாலையில் அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ மூணு வாரமா காபில சர்க்கரை இல்லாதது அந்தக் குழிக்காரியாலயா?”

“ஆமா.”

“அடிப்பாவி. சரி, அந்தக் கோட்டைக் கழட்டிட்டு வேற போட்டோ எடு. மறுபடி வந்து உக்காருறேன்.”

“மெஷின் வேணாங்க.”

குழாயை மூடினேன். ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணை அளக்க எனக்குத் தைரியமில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“இன்னைக்கு நான் கை நீட்ட மாட்டேன். நீங்களா முதல்ல என்னைத் தொடுங்க.”