வயல் கேட்டில் ஒரு நிமிடம்

டிராக்டரின் வலது சக்கரத்திலிருந்து பிரேக் டிரம் கழல மறுத்தது. நோரீன் சுத்தியலால் அதைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். கறுப்பு உடுப்பு அழுக்காகக் கூடாதென்று அதன் மேல் அப்பாவின் வேலை அங்கியை மாட்டியிருந்தாள். மணி எட்டு. பதினொன்றுக்குக் கோயிலில் பூசை. வீட்டு முன்னறையில் அப்பா மலாக்கி, விரல்களில் ஜெபமாலை சுற்றி, பெட்டிக்குள் கிடந்தார். இரண்டு நாளாக ஊரே அவரைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

கறுப்பு வண்டி வேண்டாம், நம் டிராக்டரிலேயே கொண்டுபோ என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார். ஆயுசில் யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். கேட்டதுதான் கேட்டார், தன்னைவிட வயசான டிராக்டரைக் கேட்டுத் தொலைத்தார்.

பாஸ்டனிலிருந்து வந்திருந்த தம்பி ஃபின்டன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். எதற்கும் இருக்கட்டும் என்று சவ வண்டியைப் பத்தரைக்கு வரச் சொல்லிவிட்டானாம்.

"சரிவுல அது ஓடிப்போச்சுன்னா என்னக்கா பண்ணுவ? முன்னாடி பாதிரியார் நடந்து போவார்."

"ஓடாது."

"அப்பாவே அதை நம்பலையே. வயல் கேட்டுகிட்ட அவர் ஒரு நாளாவது நிறுத்திப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. கேட் கோயிலுக்குப் போகும் சாலைச் சரிவின் நட்டநடுவில் இருந்தது. மலாக்கி கீழே பாலம் வரை போய், சமதரையில் டிராக்டரை நிறுத்திவிட்டு, மாடுகளைப் பார்க்க மறுபடி மேலே நடந்து வருவார். முழங்காலுக்கு நடை நல்லது என்பார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் இன்று அங்கே நிறுத்தாமல் முடியாது. செத்தவருடைய நிலத்து வாசலில் ஊர்வலம் ஒரு நிமிடம் நின்றுதான் போகும். அயர்லாந்தின் இந்த ஸ்லைகோ பக்கத்தில் அதை மீறியவர் கிடையாது.

டிரம் கழன்று வந்தது. உள்ளே எல்லாம் எண்ணெய். டிரம்மை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் ஷூக்கள் வெண்ணெயில் தோய்த்ததுபோல் வழுக்கின. பக்கத்துப் பண்ணைக்காரர் ஹ்யூயி ஒரு கை கொடுக்க, அச்சை வெளியே இழுத்தார்கள். எண்ணெயைத் தடுக்க வேண்டிய ரப்பர் சீல் அங்கேதான் இருந்தது. அதன் உதடு, அந்த மெல்லிய விளிம்பு, உள்ளே எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டதில் வெளியே பார்த்து இருந்தது.

நோரீனின் கை நின்றுவிட்டது. அந்த ரப்பரைப் போட்டவள் அவள்தான். பத்தொன்பது வயதில், யாரையும் கிட்டே விடாமல், தனியாகப் போட்டாள். அப்பா முற்றத்தில் ஓட்டிப் பார்த்து, நல்லாப் பிடிக்குது என்று சொன்னார். பெருமையில் ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று ஹ்யூயியைக் கேட்டாள்.

அவர் கந்தல் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "எண்ணெய் ஒழுகுறது தெரியும். கழட்டிப் பாப்போம்டான்னு எத்தனையோ தடவை உங்கப்பன்கிட்ட சொன்னேன். 'என் பொண்ணு போட்டது, கை வைக்காதே'ன்னுட்டான்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அப்பா அவளைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். அவள் கண்ணெதிரே அதைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். இருபது வருஷம் முழங்காலை இழுத்துக்கொண்டு மேடேறிய மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லாமல் போயிற்று.

புது பிரேக் ஷூக்கள் வாங்கி வைத்திருந்தாள். ஹ்யூயியிடம் புது சீல் இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து உதடு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். ஹ்யூயியைப் பார்க்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை அவளே பார்த்தாள். இடது பக்கம் நேற்றே முடிந்திருந்தது. எல்லாம் மாட்டி முற்றத்தில் ஓட்டியபோது பிரேக் பிடித்தது. முற்றத்தில் அன்றைக்கும்தான் பிடித்தது.

பெட்டியை டிரெய்லரில் ஏற்றியதும் அம்மா கோட்டும் தொப்பியுமாக வந்தாள். கையில் சமையலறை நாற்காலி.

"நீதானே ஓட்டுற?"

"ஆமாம்மா."

"அப்ப நான் அவர் பக்கத்துலயே உட்காந்து வர்றேன்."

ஃபின்டன் தடுத்துப் பார்த்தான். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் டிரெய்லரின் ஓரத்தைப் பிடித்தபடி கூடவே நடந்தான், ஓடினால் ஒற்றைக் கையால் இழுத்து நிறுத்திவிடுகிறவன்போல. காலியான சவ வண்டி கடைசியில் வந்தது.

சரிவு தொடங்கும் இடத்தில் ஹ்யூயி ஓடிப்போய்ப் பாதிரியாரின் காதில் ஏதோ சொன்னார். பாதிரியார் சாலையோரப் புல்லுக்கு ஒதுங்கினார். நோரீன் முதல் கியரில் இறக்கினாள். டிரெய்லரின் பாரம் பின்னாலிருந்து தள்ளியது.

கேட் வந்தது. மிதித்தாள். சக்கரங்கள் ஒரு சாண் வழுக்கின. டிரெய்லர் ஒரு முட்டு முட்டியது. அப்புறம் எல்லாம் நின்றது.

நடந்து வந்தவர்களும் நின்றார்கள். டிராக்டர் சத்தம் கேட்டு, தீனி வந்துவிட்டதென்று மாடுகள் கேட்டருகே வந்து கூடின. பாதிரியார் ஜெபத்தைச் சொல்லி முடித்தார். ஹ்யூயி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆகி, அதற்கு மேலும் ஆயிற்று.

"போலாம்மா" என்றாள் அம்மா பின்னாலிருந்து, மெதுவாக.

நோரீன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.