மாமல்லபுரத்து வாக்கிங்

விடியற்காலையில் பக்தவத்சலம் வாக்கிங் கிளம்பினால்தான் அவர் மனைவி சியாமளாவுக்கு மூச்சு வரும். அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருக்கு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. புனேயில் மகள் அனுவுக்குத் தலைப்பிரசவம். லீவு கிடைக்காததால் அங்கேயேதான். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாமா? இவரை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

டாக்டர்தான் வழி சொன்னார். "உடம்போட பாரம் எலும்பு மேல விழணும்மா. தெனம் வேகமா நடந்தா எலும்பு கெட்டியா நிக்கும்."

அவர்கள் குடியிருந்த படூர் அடுக்ககத்து ஆண்கள் ஒரு வாக்கிங் குழு வைத்திருந்தார்கள். நடப்பதற்காக மாமல்லபுரம் கடற்கரைக்குக் காரில் போகிற கூட்டம்! அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் ஷூ நிறைய மணலோடு வருவார். அதைப் பெருக்கித் தள்ளும்போதெல்லாம் சியாமளாவுக்குச் சந்தோஷம். புனேக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

அன்று காலை குழுவில் கார் ஓட்டும் நரசிம்மன் போன் செய்தார். "சார் வழுக்கி வுழுந்துட்டாரும்மா. மணிக்கட்டு வீங்கிகினு வருது. பீச்சாண்ட டிபன் கடையில இருக்கோம்."

அவள் கால் டாக்ஸி பிடித்துப் பதறிக்கொண்டு ஓடினாள். கடைக்காரர் கருப்பன் அவர் கையில் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"கை கழுவ எழுந்தாரும்மா, வழுக்கிச்சு. நம்ம சாரு டெய்லி கஸ்டமரு. கார்லேர்ந்து எறங்குனா நேரா இந்தச் சேருதான். நெய்ப்பொங்கல், வடை."

"நடந்துட்டு வந்தப்பறமா?"

"இன்னாம்மா நடக்கறது? கெளம்பசொல்லோ ஷூவுல கொஞ்சம் மணலப் போட்டுக்குவாரு, அவ்ளோதான்" என்று சிரித்தார் கருப்பன்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்வரை சியாமளா காத்திருந்தாள். பிறகு ஒரே கேள்வி கேட்டாள். "ஏன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எலும்பு தேறிட்டா நீ அனுகிட்டப் போயிடுவ. பேரப்புள்ளயப் பாத்துட்டு அங்கயே தங்கிடுவ. நீ கெளம்பறதுக்கு முன்னால ஸ்கேன் எடுத்தா, எலும்பு தேறலன்னு தெரிஞ்சு இங்கயே இருந்துடுவன்னு நெனச்சேன்."

சோம்பேறித்தனம் என்றால் மன்னித்திருப்பாள். அவளைக் கட்டிப்போட வேண்டுமென்று தன் எலும்பையே உளுத்துப்போக விட்டிருக்கிறாரே! நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். அழுகை வந்தது. அதை அவர் பார்க்கக்கூடாதென்று வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தாள்.

காரில் ஏறியதும் அவர் மெதுவாகக் கேட்டார். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாமா?" குரலில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

"எதுக்கு? நான் போறேன். நீங்க கூடுவாஞ்சேரியில உங்க தங்கச்சி வூட்ல இருங்க. பேசிட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. "ரோகிணி வூட்லயா? அது மூணாவது மாடி, லிஃப்ட்கூட இல்லியேடி!"

"தெரியும்" என்றாள் சியாமளா.