கப்பல் நின்ற இடம்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள் மெர்லிஸ். முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு ஜோடி கறுப்பு ஷூ. கார்னிவல் நாளில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில், இவ்வளவு துடைத்த ஷூ போட்டு வருகிறவன் சவ ஊர்வலத்துக்கு வந்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அரசாங்க ஆளாக இருக்க வேண்டும். நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். அவள் எழுவதற்குள் இடுப்பு இரண்டு தடவை முனகியது. காலமெல்லாம் வெல்டிங் செய்து தேய்ந்த இடுப்பு.

வந்தவர் பெயர் ராம்லோகன். அமைச்சகத்தில் தேசியச் சின்னங்களைக் கவனிக்கிற பிரிவு. கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, நெற்றியெல்லாம் வியர்வை. அவர் மெர்லிஸைப் பார்க்கவில்லை. வண்டியின் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகப்பைப் பார்க்கத்தான் காலையிலிருந்து தெருவே வந்து வந்து போனது. எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து, தட்டிச் சுரம் ஏற்றிய ஸ்டீல் பான் வாத்தியங்களை வரிசையாகத் தொங்கவிட்டு, ஆட்கள் தள்ளிக்கொண்டு போகிற இரும்பு வண்டி அது. பான் வாசிக்கும் குழுவுக்காக மெர்லிஸே வெல்டு வைத்துக் கட்டியது. முன்பக்கம் இரண்டு முழ உயரத்துக்குத் தகடு. தகட்டில் நாட்டின் புதிய சின்னம். ஒரு பக்கம் சிவந்த அரிவாள்மூக்கன், மறு பக்கம் கொக்ரிகோப் பறவை, கீழே அலை, நடுவில் கேடயம். அந்தக் கேடயத்தில்தான் சுதந்திரம் வந்த நாளிலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்கள் நின்றன. இப்போது கப்பல்களை இறக்கிவிட்டு ஸ்டீல் பானை ஏற்றியிருக்கிறது அரசாங்கம். செய்தி வந்த அன்று பேட்டையில் சட்டி மூடியைக்கூட விடாமல் தட்டினார்கள். பான் வாத்தியத்தைக் கண்டுபிடித்தது நாம், அடி வாங்கியது நாம், அதைத் தூக்கி முகப்பில் வைக்க நமக்கு யார் அனுமதி தர வேண்டும் என்று நினைத்தார்கள். நினைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஒரு கேள்வியே யாருக்கும் தோன்றவில்லை.

ஓவியன் கேடயத்துக்குள் பானையும் வரையத்தான் வந்தான். மெர்லிஸ் விடவில்லை. நடுவில் வட்டமாகத் தகட்டை வெட்டி எடுத்தாள். பின்னால் வண்டிச் சட்டத்தில் ஒரு நிஜப் பானைப் பற்றவைத்தாள். வட்டத்துக்குள் அது மட்டும் தெரிந்தது. அவளுடைய அப்பா பெயின்ட் டப்பாவில் அடித்துச் செய்த பழைய பான். நான்கே சுரம். ஓரத்தில் ஒரு குழிவு.

"இது யார் வேலை?" என்றார் ராம்லோகன்.

"என் வேலைதான். நல்லா இருக்கா சார்?"

"நல்லா இருக்கிறது பிரச்சினை இல்லம்மா. அனுமதி இருக்கா?"

"எதுக்கு அனுமதி?"

"அரசுச் சின்னத்தை எழுத்து மூலமா அனுமதி வாங்காம யாரும் பயன்படுத்தக் கூடாது. அளவு தப்பு, நிறம் தப்பு. அந்தப் பான்ல வேற பள்ளம்." குழிவைப் பேனாவால் காட்டினார். "சின்னத்துல இப்படிப் பள்ளமே கிடையாது."

"அதானே! இந்த மாதிரிப் பள்ளம் எங்கப்பன் மண்டையிலதான் இருந்துது, சின்னத்துல எப்படி இருக்கும்?"

பின்னால் கடலை வைத்த டபுள்ஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். குழுத் தலைவன் கிளேவன் மட்டும் சிரிக்கவில்லை. மாதக்கணக்காக வேலை முடிந்து வந்து பயிற்சி செய்தவர்கள் நாற்பது பேர் அவன் பின்னால் நிற்கிறார்கள். நடுவர்கள் இருக்கும் ஸவானா மைதானத்துக்கு வண்டிகள் வரிசை கட்டிவிட்டன.

"இப்ப என்ன செய்யணும் சார்?" என்றான் தணிந்து.

"மூடுங்க. கறுப்புத் துணி போட்டு மூடிட்டா வரிசையில விடுறேன். இல்லைன்னா இந்த வண்டி நகராது. தெருவுல, தரையில, அழுக்குல படுற மாதிரி சின்னம் இருக்கவே கூடாது. விதி அது."

கிளேவன் அதற்குள் துணிக்கு ஆள் அனுப்பிவிட்டான். "அக்கா, ஒரு துணிதானே? நடுவர் மேடை தாண்டினதும் எடுத்துடலாம்."

மெர்லிஸ் பானைப் பார்த்தாள். பான் வாசிக்கிறவனைப் போலீஸ் அடித்து விரட்டிய வெள்ளைக்காரன் காலத்தில் அப்பா அதைச் சாக்குப் பையில் சுற்றித்தான் தூக்கிப் போவாராம். சாக்கு இல்லாமல் ஒரு தடவை போனார். போலீஸ்காரன் பூட்ஸ் காலால் பானை மிதித்தான், தடியால் அவரை அடித்தான். அப்புறம் சாகிறவரை இடது காது கேட்கவில்லை. கேட்காத காதுப் பக்கம் நின்று அம்மா திட்டுவாள். அவர் தலையாட்டிச் சிரிப்பார். அந்தக் குழிவைத் தட்டிச் சரிசெய்யச் சொன்னவர்களிடமெல்லாம், "மிதிச்சவன் வந்து சரி பண்ணட்டும்" என்பார்.

துணி வந்தது. மெர்லிஸ் அதை வாங்கி முகத்து வியர்வையைத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மூட முடியாது சார்."

"அக்கா!" என்றான் கிளேவன்.

"நீ சும்மா இருடா. மூடி மூடித் தூக்கினது போதும்."

ஸ்பானரை எடுத்தாள். தகட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசிப் போல்ட் பெயின்டில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. உளியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். போல்ட்டின் தலை தெறித்து ராம்லோகனின் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்ன பண்றீங்க? சின்னத்தைச் சிதைக்கிறதும் குற்றம்!"

"எங்க சிதைச்சேன்? பிடிங்க." தகட்டை அப்படியே தூக்கி அவர் கைகளில் வைத்தாள். கோப்பு நழுவிச் சாக்கடை ஓரம் விழுந்தது. "உங்க பறவை, உங்க அலை, உங்க கேடயம். ஒரு கீறல் இல்ல, பார்த்துக்கோங்க. நடுவுல இருந்தது எங்கப்பனோடது. அது இங்கேயே இருக்கும்."

தகடு கனம். ராம்லோகன் அதைக் கீழே வைக்கப் போனார்.

"சார், சார்! தரையில படக் கூடாது. விதி!" என்று டபுள்ஸ் வாயோடு ஒருவன் கத்தினான். தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

அவர் தகட்டைத் திரும்ப மார்போடு அணைத்துக்கொண்டார். கையைக் காட்டி நிறுத்தக் கை இல்லை. விசில் சட்டைப் பையில். "இந்த அம்மாவை யாராவது..." என்று தொடங்கியவர் அந்தப் பழைய பானை ஒரு நொடி பார்த்தார். வெறும் சட்டத்தில், வெயிலில், குழிவோடு அது நின்றது.

மெர்லிஸ் சட்டத்தில் தோளைக் கொடுத்தாள். "தள்ளுங்கடா!"

கிளேவன் ஒரு கணம் நின்றான். முன்னால் சாலைத் தடுப்பு, அதன் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், அதற்கும் அப்பால் மேடை. பயிற்சி செய்த பாட்டை அவன் உடனே தொடங்கவில்லை. முகப்புக்குப் போய், குச்சியால் அந்த நான்கு சுரத்தையும் தட்டினான். மூன்று சரியாக விழுந்தன. குழிவில் இருந்த நான்காவது கரகரத்தது. பின்னால் இருந்த நாற்பது பேரும் அந்தக் கரகரப்பிலிருந்தே பாட்டை எடுத்தார்கள். சக்கரங்கள் உருண்டன.

ராம்லோகன் இருந்த இடத்திலேயே நின்றார். இரண்டு பறவைகளுக்கு மேலே அவருடைய முகம் தெரிந்தது. அவர் மார்போடு பிடித்திருந்த கேடயத்தின் நடுவில், கப்பல் நின்ற இடத்தில், வட்டமான ஓட்டை. தெருவோரத்தில் குந்தியிருந்த ஒரு சிறுமி எழுந்து வந்தாள். அவருடைய கைக்கு அடியில் நுழைந்து, அந்த ஓட்டையில் முகத்தை வைத்து, வண்டி தடுப்பை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.