கெரெ தும்பித்து

வத்தல் மண்டியில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். சௌடம்மாள் முழங்கால்வரை நனைந்த சேலையோடு ஓடிவந்து என் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. "தெரசாக்கா, மதுரைக்கு லாரி எப்பப் போகும்?" என்றாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கண்மாய் நிறைந்து வழிகிறது. வேறு எதற்கும் அவள் முகம் அப்படி மலராது.

இப்போது அந்தக் கண்மாயை டவுன் விழுங்கிவிட்டது. கரைமேல் பஸ் போகிறது. தண்ணீர் நின்ற இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் இங்கிருந்து பார்த்தால் அக்கரை தெரியாது என்று சொன்னால், இந்தக் கிழவி கதை விடுகிறாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் சொல்வது சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸும் லாரியும் கரியில் ஓடிய காலம். மேற்கே பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கி வந்து எங்கள் கண்மாயில் சேரும். கிழக்கே வளைந்து கிடக்கும் கரை. அந்தக் கரையின் அடியில் எங்கள் தெரு. கரை உடைந்தால் முதலில் போவது நாங்கள்தான். அந்தப் பயத்தோடேயே நிம்மதியாகத் தூங்கினோம்.

கண்மாய் முதலில் வந்தது, ஊர் அதைத் தேடிப் பிறகு வந்தது என்று சொல்வார்கள். நெசவென்றால் நூல் நனைக்கவும் பாவுக்குக் கஞ்சி போடவும் தண்ணீர் வேண்டுமே. எந்தக் காலத்திலோ கன்னடச் சீமையிலிருந்து நடந்து வந்த சௌடம்மாளின் முன்னோர்கள் இந்தத் தண்ணீரைக் கண்டு மூட்டையை இறக்கினார்கள். தெலுங்கு பேசுகிறவர்களும் வந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு ஓரத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டிக்கொண்டார்கள். எங்களுக்குக் கண்மாய், தெலுங்குக்காரர்களுக்குச் செருவு, சௌடம்மாள் வீட்டில் கெரெ. தண்ணீர் என்னவோ ஒன்றுதான்.

அவள் புருஷன் திம்மையா மதுரைக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நூலுக்குக் கண்ட்ரோல் வந்து தறி சும்மா கிடந்தது. மழையும் பொய்த்துக் கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. மதுரைக்கே போய்விடலாம் என்று அவன் கூப்பிட்டான். பிறந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்றாள் இவள். வாய்ப்பேச்சு முற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி அவன் தெருவே கேட்கச் சொன்னான்: கெரெ தும்பட்டும், அப்புறம் வருகிறேன். தும்புவது என்றால் அவர்கள் பாஷையில் நிறைவது. வெடித்துக் கிடந்த கண்மாயைக் காட்டி ஒருவன் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? வரவே மாட்டேன் என்று அர்த்தம். தெருவில் எல்லோருக்கும் அது புரிந்தது. சௌடம்மாள் மட்டும் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் கரைமேல் ஏறி நின்று மேற்கே பார்ப்பாள். அம்மன் கும்பிடுத் திருவிழாவுக்கு ஆள் சொல்லிவிட்டும் அவன் வரவில்லை. "இன்னும் கெரெ தும்பலையேக்கா" என்று அவனுக்காக எனக்கே சமாதானம் சொன்னாள். அவளைத் திட்டாத நாளில்லை. மனசு கேட்காமல் திட்டினேன்.

அந்த ஐப்பசியில் வானம் கொட்டித் தீர்த்தது.

லாரிக்காரன் பால்சாமி மண்டி வாசலில் வண்டியின் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். அவன் திருச்சுழிப் பக்கத்து ஆள். மூட்டையை ஏற்றினால் மதுரை, இறக்கினால் வீடு. எங்கள் கண்மாயை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுக்காரவுக தறி போட்டிருக்க தெரு உங்களுக்குத் தெரியும்ல? கெரெ தும்பித்துன்னு அவுககிட்டச் சொல்லணும். அம்புட்டுத்தான்" என்றாள் சௌடம்மாள்.

"என்னது?"

"கெரெ தும்பித்து."

எனக்குப் பொறுக்கவில்லை. "கண்மா பெருகிருச்சுன்னு தமிழ்ல சொல்லிவிடேன்த்தா. அவருக்குப் புரியாதா?"

"அவுக சொல்லிட்டுப் போன சொல்லு அப்படியே போய்ச் சேரணும்க்கா."

பால்சாமி நல்லவன். செபம் படிப்பது மாதிரி அதையே முணுமுணுத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்துகொண்டிருந்தேன். மதுரை ரோட்டில் பாளையம்பட்டிப் பக்கமிருந்து ஒரு ஆள் விழுந்தடித்து ஓடிவந்தான். திம்மையா. காலில் செருப்பில்லை, கையில் பையில்லை, வேட்டியெல்லாம் சேறு. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தறிக்குழியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறான். தெருவைப் பார்த்தான். வீடுகள் இருந்தன, கூரைகளில் அடுப்புப் புகை இருந்தது. அவனால் நம்ப முடியவில்லை.

"அக்கா, அவ இருக்காளா?"

"இருக்கா. ஏன் செட்டியாரே, என்ன ஆச்சு?"

"கரை தும்பு தும்பாப் போச்சுன்னு பால்சாமி வந்து சொன்னானே." கரை உடைந்து தெருவே போயிருக்கும் என்று நினைத்து ஓடிவந்திருக்கிறான். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பாவி பால்சாமி, கெரெயைக் கரையாக்கி, தும்பித்துவைத் தும்பு தும்பாகப் பிய்த்துப் போட்டிருக்கிறான். "அவ சொல்லிவிட்டது கெரெ தும்பித்துன்னு" என்றேன்.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். வாசலில் நின்று தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்தச் சேதி சரியாகப் போயிருந்தால் அவன் வந்திருக்கமாட்டான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கரை மேலதான் நிக்கா. போங்க" என்றேன்.

கரைமேல் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். பின்னால் வானம் தொடுகிற மட்டும் தண்ணீர். அப்படி ஒரு தண்ணீரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அவன் ஏறிவந்து அவள் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். அவளோ தண்ணீரைக் காட்டி, "கெரெ தும்பித்து" என்றாள்.

பிறகு கீழே நின்ற என்னைப் பார்த்து, "பாத்தீகளாக்கா, சொன்னபடி வந்துட்டாக" என்றாள்.

திம்மையா என் முகத்தையே பார்த்தான்.

"ஆமாத்தா. வந்துட்டாரு" என்றேன்.

சாயங்காலத்துக்கு ஒரு பஸ் இருந்தது. அதில் ஏறி மதுரைத் தறிக்குத் திரும்பியாக வேண்டியவன், வீட்டுப் பக்கம் இறங்காமல் கரைமேலேயே வடக்கே நடக்க ஆரம்பித்தான். குனிந்து குனிந்து மண்ணைப் பார்த்தான். கல்லைக் கையால் அழுத்திப் பார்த்தான். அவள் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"என்னத்தைத் தேடுறீக?" என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது.

அவன் இன்னும் நாலு எட்டு வைத்து நின்றான். ஓரிடத்தில் லேசாகக் கசிந்திருந்தது போலிருக்கிறது. உட்கார்ந்து, ஒரு பிடி களிமண்ணை எடுத்து அதில் அப்பி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.