பரவாயில்லை என்று மனுதாரரே கூறினார்

கடிதத்தில் ஆறு வரிகள்தான். ஐந்து வரிகளில் சட்டப்பிரிவுகள் எண்களோடு அணிவகுத்திருந்தன. ஆறாவது வரி மட்டும் மனிதர்களுக்குப் புரிகிற மொழியில் இருந்ததால் வக்கீலம்மா அதைச் சத்தமாக வாசித்தாள். "வலி எப்படி இருக்கிறது என்று மருத்துவக் குழு வினவியதற்கு, பரவாயில்லை என்று மனுதாரரே கூறினார். எனவே மாற்றுத்திறனாளி உதவித்தொகை கோரும் மனு நிராகரிக்கப்படுகிறது."

கண்ணாடிக்கு மேலாகப் பெயிண்டரைப் பார்த்தாள். "அப்படியா சொன்னீங்க அண்ணே?"

"பெரிய டாக்டருங்க. நம்மளயும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்குறாரு. மூஞ்சில அடிச்ச மாதிரி, வலிக்குதுன்னு எப்படிம்மா சொல்றது?"

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி பல்லைக் கடிக்கும் சத்தம் ஜெராக்ஸ் மெஷினின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. இலவச சட்ட உதவி மையத்தின் அந்த அறையில் பாதியை மெஷினும், மீதியில் பாதியைக் கோப்புகளும் பிடித்திருந்தன. வாசலில் 'சட்டம் உங்கள் வீட்டுப் படியில்' என்று ஒரு பலகை. முப்பத்தொரு படி ஏறினால்தான் பலகையையே படிக்க முடியும். பெயிண்டர் ஏறி முடிக்க இருபது நிமிடம் ஆகியிருந்தது.

மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடம். இடுப்பெலும்பு ஒட்டியது, ஆனால் கோணலாக ஒட்டியது. வலது கை தோளுக்கு மேல் போகாது. விழுந்த அன்று காலையில் மேஸ்திரி ஓடிவந்து, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டபோது, மணலில் மல்லாந்து கிடந்தவர், "பரவாயில்லண்ணே" என்றார். மேஸ்திரி நம்பிவிட்டார். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. ஆம்புலன்ஸ் வர மத்தியானம் ஆனது.

"என்கிட்டயும் இருபத்திரண்டு வருஷமா இதேதான் மேடம்," என்றாள் மனைவி. "குழம்புல உப்பே போடாம வச்சுப் பாத்தேன். பரவாயில்லன்னு சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு. இப்ப நான் துணி தேய்க்கிற கம்பெனிக்குப் போறப்ப ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு பக்கெட்டும் பக்கத்துல வச்சு, வெளிய பூட்டிட்டுப் போறேன். மனுஷனை வச்சுப் பூட்டுறேன். அந்தப் பணம் வந்தா அரை நாள் வேலையோட வீட்ல இருந்துடுவேன். இல்லன்னா பூட்டுதான்."

வக்கீலம்மா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். மேல்முறையீடு ஒருமுறைதான். அதுவும் தோற்றால் ஐந்து வருடத்துக்கு மனுப் போட முடியாது. அரசாங்கத்தின் கணக்கில், ஐந்து வருடம் வலி காத்திருக்கும்.

மேல்முறையீடு எழுதினாள். மருத்துவச் சான்று, எக்ஸ்ரே, பூட்டைப் பற்றி மனைவியின் வாக்குமூலம் எல்லாம் சேர்த்தாள். அதன்பிறகு ஒத்திகை. அதிகாரியாக அவளே நடித்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவா..."

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள்.

"பாருங்கண்ணே, இனிமே அந்த வார்த்தை உங்க வாய்ல வரக்கூடாது. வலிக்குது, தாங்க முடியலன்னு சொல்லுங்க."

"அது ஏதோ பொய் சொல்ற மாதிரி இருக்கும்மா."

"பொய்யா?" மனைவியின் குரல் ஏறியது. "காலைல சட்டை மாட்டுறப்ப அழுதது யாரு? நானா?"

பெயிண்டர் தரையைப் பார்த்தார். "அது வீட்டுக்குள்ள."

விசாரணை பத்து மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கே மூவரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மேடைமேல் போட்ட மேசையில் மூன்று தண்ணீர் பாட்டில்கள். நடுவில், மேல்முறையீட்டு மறுபரிசீலனைக் குழுத் தலைவரின் பெயர்ப்பலகை. பதவி நீளமாக இருந்ததால் இரண்டு வரியாகி, பெயர் அடியில் எறும்பு போல நசுங்கியிருந்தது. பின்சுவரில் 'உங்கள் குறை எங்கள் கவலை' என்று எழுதியிருந்தது. 'கவலை'யின் கீழே பெயிண்ட் கொப்புளம் விட்டு உரிந்திருந்தது.

"ஈரம் காயறதுக்குள்ள அடிச்சிருக்கான். பட்டி போட்டு மட்டம் பாக்கவே இல்ல," என்று பெயிண்டர் மனைவியின் காதில் சொன்னார்.

"வாயை மூடிட்டு ஒத்திகையை நெனைங்க."

அவரால் தொடர்ந்து இருபது நிமிடம்தான் உட்கார முடியும். பத்தரைக்கு ஒருபக்கம் சாய்ந்தார். பதினொன்றுக்கு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பதினொன்றரைக்கு அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூலையில் இருந்த தட்டச்சுக்காரி மட்டும் இரண்டு தடவை எழுந்து வந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துப் போனாள்.

பன்னிரண்டு பத்துக்குத் தலைவர் வந்தார். போன் காதில் இருந்தது, முன்னால் ஒருவர் கதவைத் திறந்தார், பின்னால் ஒருவர் பையைத் தூக்கினார், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பெருந்தன்மையோடு புன்னகைத்தார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

பெயிண்டர் கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்தார். "பரவாயில்லைங்க ஐயா."

வக்கீலம்மா கண்களை மூடிக்கொண்டாள். மனைவிக்கு அங்கிருந்த மூன்று பாட்டில்களையும் எடுத்து யார் மண்டையில் போடுவதென்றே தெரியவில்லை. இந்த ஆளின் மண்டையிலா, அந்த ஆளின் மண்டையிலா?

தலைவர் கோப்பைப் புரட்டினார். ஆறாவது வரியில் விரலை வைத்து, இனிப்பைக் கண்ட முகத்தோடு நிமிர்ந்தார். "இதோ. மனுதாரரே சொல்லியிருக்காரேம்மா. இதுக்கு மேல நாங்க என்ன பண்றது?"

வக்கீலம்மா எழுந்தாள். "ஐயா, மொதல்ல ஒண்ணு குறிப்புல ஏத்தணும். பத்து மணிக்கு வரவேண்டிய குழு பன்னெண்டு பத்துக்கு வந்தது. அதுக்குப் பரவாயில்லைன்னு மனுதாரரே கூறினார். அதனால தாமதமே நடக்கல. சரிங்களா?"

தட்டச்சுக்காரியின் விரல்கள் ஓடின.

"ஏம்மா, அதை அடிக்காத!" தலைவரின் புன்னகை உதிர்ந்தது. "என்ன வக்கீலம்மா இது? அவர் ஒரு மரியாதைக்குச் சொன்னாரு. அதைப் போய் அப்படியே எடுத்துக்குவாங்களா?"

"அதையும் ஏத்தச் சொல்லுங்க ஐயா. நீங்க சொன்ன வார்த்தையிலேயே. மரியாதைக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு."

ஓர் உறுப்பினர் தன் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார். தட்டச்சுக்காரி திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. 'அடிக்காத' என்பதற்கு முன்பே அவள் எவ்வளவு அடித்து முடித்திருந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தலைவர் கோப்பை மூடினார். மறுபடியும் திறந்தார். முதன்முறையாகப் பெயிண்டரின் முகத்தைப் பார்த்தார். "சரி. நீங்களே சொல்லுங்க. வலி எப்படி இருக்கு?"

பெரிய மனிதர். மதித்துக் கேட்கிறார்.

பெயிண்டர் எழ முயன்றார். இந்த முறை எழ முடியவில்லை. உரிந்த சுவரைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் பை இருந்தது. பையின் வாரில் காலையில் பூட்டிய பூட்டின் சாவி தொங்கியது. பூட்டும்போது உள்ளே அவர் இல்லாத அபூர்வமான நாள்களில் இன்றும் ஒன்று.

அவருடைய உதடுகள் ஒட்டிக்கொண்டன. எந்த எழுத்துக்கு அப்படி ஒட்டும் என்று அந்த அறையில் இரண்டு பெண்களுக்குத் தெரியும். மனைவியின் கை அவர் தொடைப்பக்கம் போய், கிள்ளாமல், அங்கேயே தங்கியது.

உதடுகள் பிரிந்தன. கீழுதடு மேலேறி, 'வ' என்ற எழுத்துக்குத் தொடுவது போல மேல்பல்லைத் தொட்டது. தட்டச்சுக்காரி விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.