தலைவரின் கடைவாய்ப்பல்

எதிரியின் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன் என்று மேடைக்கு மேடை முழங்கிய தலைவர், பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் ஊசியைக் கண்டதும் தொடை நடுங்கினார்.

கடைவாய்ப்பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. கன்னம் லேசாக வீக்கம். "இப்பவே எடுத்துடணும் ஐயா. விட்டா நாளைக்கு வாயே திறக்க வராது," என்றாள் டாக்டர்.

"நாளைக்கு ரேடியோவுல பேசணும்மா. வாய் மரத்துப் போயிட்டா?"

"அதெல்லாம் இன்னிக்கே சரியாயிடும்."

"மாத்திரை ஏதாவது..." என்று இழுத்தபடியே அவர் இறங்கி நடந்துவிட்டார். கழுத்தில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலில் காவலர்களைப் பார்த்த பிறகுதான் நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் என்ன பேசப்போகிறார் என்பது ஊரறிந்த ரகசியம். எல்லையில் நடக்கும் சண்டையை நிறுத்த எதிரி நாடு தயார்; அவரும் சம்மதம் சொல்லப்போகிறார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ரேடியோவில் பதில் வேண்டும் என்று அது கெடு வைத்திருந்தது. டாக்டரின் தம்பி போர்முனையில் இருந்தான். மறுநாள் அவள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, கணவரோடு ரேடியோவுக்கு முன் உட்கார்ந்தாள். அணிவகுப்பு இசை போட்டார்கள். திரும்பத் திரும்ப அதையேதான் போட்டார்கள். இருட்டியதும் எல்லையில் குண்டு விழத் தொடங்கியது. அந்த வாரமே தம்பி செத்த சேதி வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கலைவதற்குள் தலைவரின் கார் வந்து நின்றது. அவர் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கூட வந்த செயலாளர் அவள் காதருகே குனிந்தார்.

"அன்னிக்கு ஐயாவுக்கு வாய் திறக்கலம்மா. சம்மதப் பேச்சை அமைச்சர் படிக்கறேன்னார். 'என் சண்டைய இன்னொருத்தன் முடிச்சுப் பேர் வாங்கறதா?'ன்னு ஐயா சீட்டுல எழுதிக் காட்டிட்டார்."

அவள் கிளினிக்கைத் திறந்தாள். மரப்பு ஊசி போடாமலே பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது. பழகிய கை அதற்கு இடம் தரவில்லை. ஊசி நுனி ஈறில் பட்டதும் தலைவர் 'அம்மா' என்று அலறி மயங்கினார். நாட்டைத் தாங்குவதாகச் சொல்லப்பட்டவரின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பி, பல்லை எடுத்து அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்து, அதே நிபந்தனைகளோடு சமாதானம் வந்தது. கெடு முடிந்தும் தலைவர் ரேடியோவில் பேசாத அந்த மாலைப்பொழுதுக்குப் பத்திரிகைகள் 'இரும்பு மௌனம்' என்று பெயர் வைத்தன. பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது.

அவள் கணவர் சரித்திர வாத்தியார். ஒருநாள் சாப்பாட்டின்போது, "ஒரு மனுஷன் வாயை மூடிக்கிட்டே நாட்டோட தலைவிதிய மாத்தியிருக்கான் பாரு!" என்றார்.

"மாத்தினது வாஸ்தவந்தான்," என்று அவள் நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

வாத்தியாரின் கை தட்டிலேயே நின்றது. "அப்போ மச்சான் எதுக்குச் செத்தான்?"

"பல்லுவலிக்கு."

அவர் கை கழுவிக்கொண்டு எழுந்தார். மறுநாள் வகுப்பில் 'இரும்பு மௌனம்' பாடத்தை, ஒரு வரி விடாமல் நடத்தினார்.